கல்லும் கொம்பும் நாரும்: உலோகத்துக்கு முந்தைய கைக்கருவிகள்

கல், மரம், எலும்பு, கொம்பு, நார், பிசின். உலோகத்தை உருக்கக் கற்கும் வரை மனிதரின் கைக்கருவிகள் பெரும்பாலும் இந்த ஆறு பொருள்களிலிருந்தே பிறந்தன. செம்பை உருக்கத் தொடங்கிச் சில ஆயிரம் ஆண்டுகளே ஆகின்றன. கல்லை உடைக்கத் தொடங்கி 33 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. கென்யாவில் துர்க்கானா ஏரிக்கு மேற்கே உள்ள லோமெக்வியில் 2011-இல் கண்டெடுக்கப்பட்ட கற்கருவிகள் அவ்வளவு பழமையானவை. ஹோமோ பேரினத்தைச் சேர்ந்தவை என்று அறியப்பட்ட மிகப் பழைய எலும்புகளுக்கே வயது சுமார் 28 லட்சம் ஆண்டுகள்தான். அந்த முதற்கருவிகளைச் செய்த கைகள் அதற்கும் முந்தியவை.

இக்கருவிகள் பார்வைக்கு எளியவை. செய்ய முயன்றவருக்கு அவை எளியவை அல்ல. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இயல்பு உண்டு: கல் தெறிக்கும், மரம் பிளக்கும், எலும்பு தேயும், நார் முறுகும், பிசின் இளகும். எந்தப் பொருள் எதற்கு இணங்கும், எதற்கு இணங்காது என்று அறிந்து அதற்கேற்பக் கையைப் பழக்குவதுதான் கருவி செய்யும் கலை. ஆற்றுப்படுகையில் கல்லைப் பொறுக்குவதில் தொடங்கி, பிடி போட்ட கோடரி வரை அந்தக் கலையைப் பொருள் பொருளாக இந்த அத்தியாயம் பார்க்கிறது.

எந்தக் கல்?

எல்லாக் கல்லும் கருவிக்கு ஆகாது. கிரானைட்டை ஓங்கி அடித்தால் அது பொடிந்து உதிரும். அதன் பெரிய மணிகளுக்கு இடையே விரிசல் தன் போக்கில் ஓடிவிடும். படிவப் பாறைகளில் பல, படிந்த அடுக்குகளின் வழியே பிளந்துகொள்ளும். அடிப்பவர் நினைத்த திசையில் விரிசல் ஓட வேண்டுமானால் கல்லுக்குள் எல்லாத் திசையும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். மணிகள் மிக நுண்ணியவையாக இருக்க வேண்டும். உள்ளே வெடிப்போ அடுக்கோ இருக்கக் கூடாது. கல் கடினமாகவும் இருக்க வேண்டும். அதே சமயம் வளையாமல் நொறுங்கும் தன்மையும் வேண்டும்.

சிலிக்கா மிகுந்த கற்கள் இந்த இலக்கணத்துக்குப் பொருந்தும். எரிமலைக் குழம்பு விரைவாகக் குளிர்ந்து உண்டாகும் அப்சிடியன் அவற்றுள் முதன்மையானது. அது இயற்கைக் கண்ணாடி. அதன் விளிம்பு எஃகுக் கத்தியின் விளிம்பைவிட மெல்லியது. சிக்கிமுக்கிக் கல், செர்ட், அகேட், ஜாஸ்பர் ஆகியவை அடுத்த நிலை. மணற்கல் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இறுகி உருவாகும் குவார்ட்சைட் சற்றுக் கரடானது என்றாலும் உறுதியானது. தமிழ்நாட்டின் பழைய கற்காலக் கருவிகளுள் மிகப் பெரும்பாலானவை குவார்ட்சைட்டில் செய்தவையே. வயல் வெளிகளில் வெள்ளையாகக் கிடக்கும் வெங்கச்சங்கல்லும் (குவார்ட்ஸ்) உதவும். ஆனால் அது கட்டுக்கடங்காமல் சிதறும். அதனால் அதை ஒரு பட்டடைக்கல்லின் மேல் நிறுத்தி மேலிருந்து அடிப்பார்கள். விசை மேலும் கீழும் ஒருசேரச் சென்று கல் நெடுக்காகப் பிளக்கும்.

கல்லைத் தேர்வதற்குக் கண்ணைப் போலவே காதும் வேண்டும். ஒரு கல்லை இன்னொன்றால் லேசாகத் தட்டினால், உள்ளே வெடிப்பில்லாத கல் கணீரென்று ஒலிக்கும். வெடிப்புள்ள கல்லின் ஓசை மங்கலாக இருக்கும். வெயிலில் நெடுங்காலம் கிடந்து தேய்ந்த கல்லைவிட ஆற்றில் உருண்டு வந்த கல் நம்பகமானது. வலுவற்ற பகுதிகளையெல்லாம் ஆறே உடைத்துக் கழித்துவிட்டிருக்கும்.

அடியும் கோணமும்

கல்லில் ஒரு புள்ளியில் அடி விழுந்தால் விசை அங்கிருந்து கூம்பு வடிவில் விரிந்து பாயும். தடித்த கண்ணாடியில் சிறு குண்டு பட்டால் மறுபுறம் கூம்பாகப் பெயர்ந்து விழுவது இதனால்தான். அந்தக் கூம்பின் ஒரு பகுதி மட்டும் கல்லின் ஓரத்தில் வெட்டுமாறு அடித்தால், மெல்லிய தகடு ஒன்று பெயர்ந்து வரும். அதுவே சில்லு. அது பெயர்ந்து வந்த கல் மூலக்கல். சில்லின் உட்புறத்தில் அடி விழுந்த இடத்தருகே ஒரு சிறு புடைப்பு இருக்கும். அதிலிருந்து குளத்து அலைகளைப் போல வளையங்கள் பரவியிருக்கும். மனிதர் அடித்துப் பெயர்த்த சில்லை, தானாக உடைந்த கல்லிலிருந்து பிரித்தறிய இந்தப் புடைப்பும் வளையங்களும் உதவுகின்றன.

சில்லு பெயர்வதற்கு முதன்மையான நிபந்தனை கோணம். அடி விழும் தளமும் சில்லு பெயரவேண்டிய பக்கமும் சந்திக்கும் கோணம் 90 பாகைக்குக் குறைவாக இருக்க வேண்டும். கோணம் விரிந்திருந்தால் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் விசை கல்லின் வயிற்றுக்குள் போய் அடங்கிவிடும், கைதான் வலிக்கும். அடி ஓரத்துக்கு மிக அருகில் விழுந்தால் விளிம்பு நொறுங்கும். மிகத் தள்ளி விழுந்தால் சில்லு தடிக்கும், அல்லது வராமலே போகும். சில்லு எவ்வளவு தூரம் ஓடும் என்பதை அது பெயரும் பரப்பின் வடிவமும் தீர்மானிக்கிறது. முன்பு பெயர்த்த இரண்டு சில்லுகளுக்கு இடையே எழுந்து நிற்கும் மேடு விரிசலுக்கு வழி காட்டும். எனவே ஒவ்வோர் அடியும் அடுத்த அடிக்கான தயாரிப்பாகவும் அமைகிறது.

லோமெக்விக் கருவிகளில் இந்த அறிவு இன்னும் முழுமை பெறவில்லை. அங்குள்ள கற்களில் சில 15 கிலோ வரை கனமானவை. தரையில் கிடந்த கல்லின் மேல் அவற்றை மோதியும், பட்டடைக்கல்லில் வைத்து அடித்தும் சில்லு எடுத்திருக்கிறார்கள். எத்தியோப்பியாவின் கோனாவில் கிடைத்த 26 லட்சம் ஆண்டு பழமையான கருவிகளில் நிலைமை மாறியிருக்கிறது: ஒரு கையில் மூலக்கல், மறு கையில் உருண்டையான சுத்தியல் கல், சரியான கோணத்தில் சரியான அடி. இந்த முறைக்குத் தான்சானியாவின் ஓல்டுவாய் பள்ளத்தாக்கை ஒட்டி ஓல்டுவன் என்று பெயர். கென்யாவின் லோகலலேயில் 23 லட்சம் ஆண்டுகளுக்கு முன் உதிர்ந்த சில்லுகளை ஆய்வாளர்கள் மீண்டும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார்கள். ஒரே கல்லிலிருந்து கோணம் கெடாமல் வரிசையாகப் பல சில்லுகளைப் பெயர்த்திருப்பது அதில் தெரிந்தது.

கோணத்தை அறிவது எவ்வளவு அரிது என்பதை 1990-களில் கான்சி என்ற போனோபோ குரங்கைக் கொண்டு நடத்திய ஆய்வு காட்டியது. கயிற்றால் கட்டிய பெட்டிக்குள் உணவு இருந்தது. கயிற்றை அறுக்கச் சில்லு வேண்டும் என்பதைக் கான்சி விரைவாகப் புரிந்துகொண்டது. கல்லைக் கெட்டித் தரையில் எறிந்து சில்லு பெறும் வழியையும் தானே கண்டுபிடித்தது. ஆனால் கையில் பிடித்து அடிக்கும்போது ஓல்டுவன் கைவினைஞரைப் போலக் கூர்ங்கோணத்தைத் தேடிப் பயன்படுத்தும் திறன் அதற்குக் கைவரவில்லை.

கல் உடைப்பதில் ஆபத்தும் உண்டு. சில்லுகள் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். அதைவிடக் கொடியது, கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா தூசி. அதை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் இறுகும் சிலிக்கோசிஸ் நோய் வரும். துப்பாக்கிகளுக்குச் சிக்கிமுக்கிக் கல் செதுக்கிய இங்கிலாந்தின் பிராண்டன் ஊர்த் தொழிலாளர்களையும், குஜராத்தில் கம்பாத் நகரின் அகேட் மணித் தொழிலாளர்களையும் அது காவுகொண்டிருக்கிறது. இன்று பயிற்சிக்காகக் கல் உடைப்பவர்கள் திறந்தவெளியில் உட்கார்ந்து, கண்ணாடியும் முகக்கவசமும் அணிந்து, தொடைமேல் தடித்த தோலை விரித்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும்.

கைக்கோடரி

சுமார் 17 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு புது வடிவம் தோன்றியது. கல்லின் இரு முகங்களிலும் மாறிமாறிச் சில்லெடுத்து, ஒரு முனை கூராகவும் மறுமுனை கைக்கு அடங்கும் தடிப்பாகவும் அமைந்த கைக்கோடரி அது. பிரான்சின் செயின்ட் அஷூல் என்ற இடத்தை ஒட்டி இந்த மரபுக்கு அஷூலியன் என்று பெயர் வந்தது. ஓல்டுவன் கைவினைஞருக்கு வேண்டியது ஒரு கூர் விளிம்பு மட்டுமே. கைக்கோடரி செய்பவருக்கோ, கல்லுக்குள் ஒரு வடிவம் முன்பே மனத்தில் தெரிந்தாக வேண்டும்.

இந்தியத் தொல்லியலின் தொடக்கமே இந்தக் கருவியோடு பிணைந்திருக்கிறது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய இராபர்ட் புரூஸ் ஃபூட், 1863 மே 30 அன்று சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் மனிதர் செதுக்கிய கல் ஒன்றைக் கண்டார். அதே ஆண்டு அவரும் வில்லியம் கிங்கும் திருவள்ளூர் மாவட்டத்தில் கொற்றலை ஆற்றுப்படுகையை ஒட்டிய அத்திரம்பாக்கத்தில் கைக்கோடரிகளைக் கண்டெடுத்தார்கள். பிற்காலத்தில் சாந்தி பப்புவும் குழுவினரும் அங்கே விரிவாக அகழ்ந்தார்கள். 2011-இல் வெளியான முடிவின்படி, அங்குள்ள அஷூலியன் கருவிகளின் வயது குறைந்தது 10.7 லட்சம் ஆண்டுகள். சராசரிக் கணிப்பு சுமார் 15 லட்சம் ஆண்டுகள். அருகிலுள்ள அல்லிக்குழி மலைப்பகுதியில் குவார்ட்சைட் உருளைக்கற்கள் செறிந்த பாறைப்படிவுகள் உண்டு. அத்திரம்பாக்கத்தின் களிமண் படிவிலோ அப்படிப்பட்ட கற்கள் அரிது. கல்லை வேறிடத்தில் தேர்ந்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

கைக்கோடரி செய்யும் வேலை மூன்று கட்டங்களாக நடக்கும். முதலில் கெட்டியான சுத்தியல் கல்லால் பெரிய சில்லுகளைப் பெயர்த்துத் தோராயமான வடிவம் கொண்டுவரப்படும். அடுத்து இரு முகங்களையும் மெலிவித்து நடுமேட்டைக் குறைப்பார்கள். இந்தக் கட்டத்தில்தான் பல கற்கள் இரண்டாக முறிந்து வீணாகும். கடைசியாக விளிம்பு சீராக்கப்படும். இரண்டாம், மூன்றாம் கட்டங்களுக்குக் கல்லைவிட மான்கொம்பு, எலும்பு, கெட்டி மரம் போன்ற மென்மையான சுத்தியல் சிறந்தது. மென்சுத்தியல் பட்டவுடன் துள்ளாமல் விளிம்பைக் கவ்விக்கொள்வதால் சில்லு மெல்லியதாகவும் நீளமாகவும் உரியும். இங்கிலாந்தின் பாக்ஸ்குரோவில் சுமார் 5 லட்சம் ஆண்டு பழமையான மான்கொம்புச் சுத்தியல் கிடைத்தது. அதன் அடிபட்ட முகத்தில் சிக்கிமுக்கிக் கல்லின் நுண்துகள்கள் இன்றும் பதிந்திருக்கின்றன.

மெலிவிக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் முன் ஒரு சிறிய வேலை உண்டு. அடி விழவேண்டிய விளிம்பை ஒரு கரட்டுக் கல்லால் உரசி மழுக்குவார்கள். கூரான விளிம்பில் அடித்தால் அது நொறுங்கி விசையைத் தின்றுவிடும். மழுக்கிய விளிம்போ விசையை முழுதாக உள்ளே அனுப்பும். கூராக்குவதற்காக முதலில் மழுக்க வேண்டும் என்ற இந்த அறிவைத் தொடக்கநிலையினர் எளிதில் எட்டுவதில்லை. பழைய கருவிகளின் விளிம்புகளிலோ உரசலின் தடம் தெளிவாகக் காணப்படுகிறது.

திட்டமிட்ட சில்லும் நுண்கருவியும்

அடுத்த பாய்ச்சலில் மூலக்கல்லே ஒரு கருவிப்பட்டறையாக மாறியது. கல்லின் ஓரங்களைச் சுற்றிலும் செதுக்கி, மேல்முகத்தை ஆமை ஓடு போலக் குவித்து, அடி விழும் தளத்தைச் சிறு சில்லுகள் எடுத்துச் சீராக்கிய பின் ஒரே அடி. முன்பே தீர்மானித்த அளவிலும் வடிவிலும் ஒரு சில்லு பெயர்ந்து வரும். பாரிஸின் புறநகர் ஒன்றின் பெயரால் இம்முறை லெவல்வா எனப்படுகிறது. ஒரு சில்லுக்காகப் பத்து இருபது தயாரிப்பு அடிகள் அடிக்கும் பொறுமை இதற்கு வேண்டும். அத்திரம்பாக்கத்தில் இம்முறை சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே வழங்கியது என 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. இந்தியாவில் இது மிகப் பிந்தியே வந்தது என்ற பழைய கருத்து அதனால் ஆட்டம் கண்டது.

காலம் செல்லச் செல்லக் கருவிகள் சிறுத்தன. ஒரே கல்லிலிருந்து குறுகிய நீண்ட தகடுகளை உரித்து, அவற்றை ஒடித்து, ஒரு விளிம்பை மழுக்கிப் பிறை, முக்கோண வடிவங்களில் நுண்கருவிகளாக்கினார்கள். மழுக்கிய விளிம்பு பிடிக்குள் பிசினோடு இறங்கும். கூர் விளிம்பு வெளியே நிற்கும். இலங்கையின் பாஹியன் குகையில் குவார்ட்ஸ் நுண்கருவிகள் 48,000 முதல் 45,000 ஆண்டுகள் வரை பழமையானவை. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதிகளின் செம்மணல் தேரிகளிலும் செர்ட், குவார்ட்ஸ் நுண்கருவிகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. நுண்கருவியின் பெரிய ஆதாயம் சிக்கனம். ஒரு பிடி கல்லில் பல கருவிகளுக்கான விளிம்பு கிடைக்கும். ஒன்று உடைந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

அழுத்தமும் நெருப்பும்

அடிப்பதைவிட நுட்பமானது அழுத்திப் பெயர்ப்பது. கூரிய கொம்பு முனையையோ எலும்பு முனையையோ விளிம்பில் ஊன்றி, உடலின் பாரத்தைச் சாய்த்து, விசை போதிய அளவு சேர்ந்ததும் கீழ்நோக்கித் தள்ளினால் மெல்லிய, சீரான சில்லு ஒன்று உரிந்து விழும். அம்புமுனைகளின் ரம்பப் பற்களும் காம்பு வெட்டுகளும் இவ்வாறு வந்தவை. தென்னாப்பிரிக்காவின் புளோம்போஸ் குகையில் 75,000 ஆண்டுகளுக்கு முன்பே இம்முறை இருந்தது. 1911-இல் கலிஃபோர்னியாவில் தன் மக்களுள் எஞ்சிய ஒரே ஆளாக வெளிவந்த யாஹி இனத்தவரான இஷி, 1916-இல் இறக்கும் வரை அருங்காட்சியகத்தில் பார்வையாளர் முன் அம்புமுனைகள் செய்து காட்டினார். அப்சிடியனைப் போலவே பாட்டில் கண்ணாடியிலும் அவர் அழகிய முனைகளைச் செய்தார். கண்ணாடியும் அப்சிடியனும் ஒரே விதியில் உடைவதால் கை பழகியவருக்கு வேறுபாடு தெரியவில்லை.

அழுத்தத்துக்குத் துணையாக வந்தது நெருப்பு. சில கற்களை மணலுக்கடியில் புதைத்து, மேலே தீ மூட்டி, மெதுவாகச் சூடேற்றி, மெதுவாகவே ஆறவிட்டால் அவை எளிதில் உரியும் தன்மை பெறுகின்றன. கல்லுக்குள் இருக்கும் நீர் வெளியேறி நுண்துளைகள் மூடுவதே காரணம். சூட்டை விரைவாக ஏற்றினால் நீராவி வெளியேற வழியின்றிக் கல் வெடித்துச் சிதறும். தென்னாப்பிரிக்காவின் பினக்கிள் பாயின்டில் சில்கிரீட் கல்லைச் சுட்டுப் பதப்படுத்திய முறை 72,000 ஆண்டுகளுக்கு முன் வழக்கமாகவே இருந்தது.

கம்பாத்தில் கல்லைச் சுடுவதும் செதுக்குவதும் இன்றும் தொழிலாக வாழ்கின்றன. அகேட் கற்களை வெயிலில் உலர்த்தி, மண்சட்டிகளில் இட்டு மெதுவாகச் சுடுகிறார்கள். கல்லிலுள்ள இரும்புச் சேர்மங்கள் மாறி நிறம் சிவக்கிறது. கல்லும் செதுக்க இசைகிறது. பிறகு தொழிலாளி தரையில் உட்கார்ந்து, சாய்வாக நட்ட கூரிய இரும்புக் கம்பியின் முனையில் கல்லின் விளிம்பை வைத்து, எருமைக்கொம்புத் தலை பொருத்திய சுத்தியலால் எதிர்ப்புறம் தட்டுகிறார். அடி கல்லின் ஒரு பக்கம் விழ, மறுபக்கம் கம்பி முனையில் சில்லு தெறிக்கிறது. கம்பி மட்டும்தான் இரும்பு. மற்றெல்லாம் கற்காலத்துக்கும் பொருந்தும் முறை.

தேய்த்துச் செய்த கோடரி

மரம் வெட்ட மெல்லிய கூர் உதவாது. நாலு வீச்சில் பல் பெயரும். உறுதியான, நொறுங்காத விளிம்பு வேண்டும். அதற்குச் சிக்கிமுக்கிக் கல்லைவிட டோலரைட், பசால்ட் போன்ற கனத்த கருநிறக் கற்கள் ஏற்றவை. இவற்றின் படிகங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதால் அதிர்ச்சியைத் தாங்கும். முதலில் செதுக்கி வடிவம் கொண்டுவருவார்கள். பின் கெட்டிக் கல்லால் மேடுகளைப் புள்ளி புள்ளியாகக் கொத்தித் தணிப்பார்கள். தேய்ந்த அம்மியைக் கொத்துவதும் இதே வேலைதான். உளிக்குப் பதில் கல். கடைசியில் நீரும் மணலும் இட்டுப் பாறையில் மணிக்கணக்காகத் தேய்த்து வாய்ப்புறம் தீட்டப்படும்.

தேய்த்த விளிம்புள்ள கோடரிகளின் மிகப் பழைய துணுக்குகளுள் சில ஆஸ்திரேலியாவின் கிம்பர்லிப் பகுதியில், 44,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டவையாகக் கிடைத்திருக்கின்றன. தென்னிந்தியாவில் புதிய கற்காலத்தில் இது பெருந்தொழிலாகவே நடந்தது. கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் சங்கனகல்லு – குப்கல் மலைகளில் டோலரைட் பாறை நாளம் ஒன்று ஓடுகிறது. அதை ஒட்டிச் செதுக்கிய கழிவுகள் குவிந்து கிடக்கின்றன; தேய்த்தலால் குழிந்த பள்ளங்கள் பாறைகளில் இன்றும் காணப்படுகின்றன.

இத்தகைய கோடரி எப்படி வெட்டும் என்பதை 1950-களில் டென்மார்க்கின் டிராவெட் காட்டில் சோதித்தார்கள். உண்மையான புதிய கற்காலத் தலைகளுக்குப் பிடி போட்டு மரங்களை வெட்டினார்கள். இரும்புக் கோடரிக்குப் பழகிய மரவெட்டிகள் தோளிலிருந்து வீசி ஓங்கி வெட்டியபோது கல் விளிம்பு உடைந்தது. முழங்கையையும் மணிக்கட்டையும் மட்டும் அசைத்துக் குறுகிய, விரைவான வெட்டுகளாகக் கொத்தியபோது மரங்கள் சாய்ந்தன. கருவி குறைபாடுடையது அல்ல. அதற்குரிய கையசைவு வேறு.

எலும்பும் கொம்பும்

கல் நொறுங்கும் இடத்தில் எலும்பு வளைந்து கொடுக்கும். எனவே குத்தூசி, ஊசி, தூண்டில் முள், ஈட்டிமுனை ஆகியவற்றுக்கு எலும்பே உகந்தது. பெரிய விலங்கின் புதிய எலும்பைக் கல்போலவே சுத்தியலால் உடைத்துச் சில்லெடுக்கலாம். ஓல்டுவாயில் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் யானை, நீர்யானை எலும்புகளில் இவ்வாறு செய்த கருவிகள் கிடைத்தது 2025-இல் வெளியிடப்பட்டது. காய்ந்து வெளுத்த எலும்பு நொறுங்கிவிடும். கொழுப்பு உலராத எலும்பே வேலைக்கு ஆகும்.

நுட்பமான கருவிக்கு முறை வேறு. கல்முனையால் எலும்பில் நீளவாக்கில் இரண்டு இணை வரிகளை அவை ஆழமாகும் வரை திரும்பத் திரும்பக் கீறுவார்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட பட்டையை நெம்பி எடுத்து, கரட்டுக் கல்லில் தேய்த்துக் கூராக்குவார்கள். கொம்பை நீரில் ஊறவைத்தால் கீறுவது எளிதாகும். பாஹியன் குகையில் வாழ்ந்தவர்கள் மழைக்காட்டின் குரங்குகளையும் அணில்களையும் வேட்டையாடி, குரங்கெலும்பிலேயே அம்புமுனைகளைச் செய்தார்கள். சைபீரியாவில் கிடைத்த காதுள்ள எலும்பு ஊசிகள் 40,000 ஆண்டுகளுக்கு முந்தியவை. ஊசியின் காது சுழற்றித் துளைத்தது. அதற்கு நுண்கல் முனை ஒன்றே துளைக்கருவி.

மரம்

மரக்கருவிகள் மட்கிவிடுவதால் சான்று குறைவு. ஆனால் கல்லைவிட மரமே அதிகம் பயன்பட்டிருக்கும். தோண்டுகோல், ஈட்டி, வில், பிடி என அன்றாட வேலையின் பெரும்பகுதி மரத்தால் நடந்தது. இங்கிலாந்தின் கிளாக்டனில் 1911-இல் கிடைத்த யூ மர ஈட்டிமுனைக்கு வயது சுமார் 4 லட்சம் ஆண்டுகள். ஜெர்மனியின் ஷோனிங்கனில் 1990-களில் நிலக்கரிச் சுரங்கத்தருகே வெளிப்பட்ட ஈட்டிகள் 2 முதல் 3 லட்சம் ஆண்டு பழமையானவை; அவை பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் மரத்தில் செய்தவை. அவற்றைச் செய்தவர்கள் முனையைத் தண்டின் அடிப்புறத்தில் வைத்தார்கள். அங்குதான் மரம் மிகக் கெட்டி. கூர்முனை மரத்தின் நடுச்சோற்றில் விழாமல் சற்று விலகி அமையுமாறும் செதுக்கினார்கள். நடுச்சோறு மென்மையானது, முனை அதில் அமைந்தால் குத்தியவுடன் மழுங்கும்.

மரத்தின் விதி நாரோட்டம். நாரோடு சேர்த்துச் செதுக்கினால் சீராக வரும். நாருக்கு எதிராகப் போனால் பிய்த்துக்கொள்ளும். வெளிறு சீக்கிரம் உளுக்கும், வைரம் பாய்ந்த உள்மரம் நிலைக்கும். பச்சை மரம் செதுக்க எளிது, ஆனால் காயும்போது வெடிக்கும். எனவே பச்சையாக இருக்கும்போது தோராயமாகச் செதுக்கி, நிழலில் காயவைத்துப் பின் முடிப்பது வழக்கம். கோலின் முனையைத் தீயில் கருக்கிச் சுரண்டினால் கூராக்கும் வேலை விரைவாகும். முனை சற்று இறுகும். கூடவே சற்று நொறுங்கும் தன்மையும் வரும்.

நாரும் பிசினும்

கல்லையும் மரத்தையும் இணைக்கும் பொருள்கள் இரண்டு: கயிறும் பிசினும்.

மரத்தின் உட்பட்டை, கற்றாழை, பனை ஆகியவற்றின் நார், விலங்கின் தசைநாண் எல்லாமே கயிறாகும். நாரை ஊறவைத்து, சதையை வழித்து, காயவைத்துப் பிரித்த பின் திரிப்பார்கள். கயிறு நிற்பதன் ரகசியம் எதிர்முறுக்கு. இரண்டு இழைகளையும் தனித்தனியே வலப்புறம் முறுக்கி, இரண்டையும் சேர்த்து இடப்புறம் முறுக்க வேண்டும். ஒவ்வோர் இழையும் தன் முறுக்கை அவிழ்க்கப் பார்க்கும். அந்த முயற்சியே சேர்த்த முறுக்கை இறுக்கும். பிரான்சின் அப்ரி டு மாராஸில் நியாண்டர்தால் மனிதர் வாழ்ந்த படிவில், ஊசியிலை மரத்தின் உட்பட்டை நாரில் மூன்று இழைகளாகத் திரித்த கயிற்றின் சிறு துண்டு கிடைத்தது. அதன் வயது 41,000 முதல் 52,000 ஆண்டுகள். 2020-இல் அது வெளியிடப்பட்டது. தசைநாண் இன்னொரு வகையில் சிறந்தது: நனைத்துச் சுற்றினால் காயும்போது சுருங்கித் தானே இறுகும்; தன் பசையாலேயே ஒட்டும்.

தனிப் பிசின் காய்ந்ததும் நொறுங்கும். அதற்குக் கலப்படம் வேண்டும். தென்னாப்பிரிக்காவின் சிபுது குகையில் சுமார் 70,000 ஆண்டுகளுக்கு முன் மரப்பிசினோடு காவிக்கல் பொடியைச் சேர்த்தார்கள். பொடி பிசினின் ஒட்டும் தன்மையைக் கட்டுக்குள் வைத்து, உலர்ந்தபின் வெடிக்காமல் காக்கும். அளவு மிஞ்சினால் ஒட்டாது, குறைந்தால் நொறுங்கும், சூடு மிஞ்சினால் குமிழியிட்டு வலுவிழக்கும். ஐரோப்பாவில் நியாண்டர்தால்கள் பூர்ச்ச மரப்பட்டையிலிருந்து கருநிறத் தாரை எடுத்தார்கள். பட்டையைக் காற்று அதிகம் படாமல் சூடாக்கினால் தார் நன்றாக வரும். காற்று மிகுந்தால் பட்டையின் பெரும்பகுதி எரிந்து சாம்பலாகும். இத்தாலியின் காம்பிதெல்லோவில் அப்படிப்பட்ட தார் ஒட்டிய கல் சில்லு சுமார் 2 லட்சம் ஆண்டு பழமையானது.

பிடி போட்ட கருவி

பிடி போட்ட கருவியில் எல்லாப் பொருள்களின் அறிவும் ஒன்றுசேர வேண்டும். கல்லுக்கேற்ற பள்ளம் மரத்தில். பள்ளத்தில் இளகிய பிசின். அதன்மேல் நனைத்த தோல்வார் அல்லது தசைநாண். கோடரியின் வாய் பிடிக்கு இணையாக நிற்கும்; வாய்ச்சியின் வாய் குறுக்காக நிற்கும். நெம்புகோல் விதிப்படி பிடி நீளும்போது அதே கையசைவில் தலையின் வேகம் கூடும். இணைப்பில் விழும் பளுவும் கூடவே கூடும். பிடி போட்ட கருவிகளில் பெரும்பாலும் முதலில் தளர்வது இணைப்புதான்.

முழுமையான கருவித்தொகுதி ஒன்று ஆல்ப்ஸ் மலைப் பனியில் உறைந்து கிடைத்தது. 1991 செப்டம்பரில் இத்தாலி – ஆஸ்திரிய எல்லையில் கண்டெடுக்கப்பட்ட ஓட்சி, சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முன் இறந்தவர். செம்பு அறிமுகமாகிவிட்ட காலம். அவரிடம் செம்புக் கோடரி இருந்தது. ஆனால் அந்தத் தலை சுமார் 60 செ.மீ. யூ மரப் பிடியில் பூர்ச்சத் தாராலும் தோல்வாராலும் இறுக்கப்பட்டிருந்தது. சிக்கிமுக்கிக் கல் கத்திக்கு ஆஷ் மரப் பிடி. அதற்கு மரப்பட்டை நாரில் பின்னிய உறை. 14 அம்புகளில் இரண்டுக்குத்தான் முனை பொருத்தியிருந்தது. 1.82 மீட்டர் நீள வில் இன்னும் செதுக்கி முடியவில்லை. பென்சில் போன்ற ஒரு மரக்கோலின் நடுவே மான்கொம்பு முள் ஒன்று செருகியிருந்தது. கல் விளிம்பை அழுத்திச் சீராக்கும் கருவி அது. அவருடைய கற்கருவிகள் திரும்பத் திரும்பத் தீட்டித் தேய்ந்துபோனவை. புதுக் கல் கிடைக்கும் இடம் தூரத்தில் இருந்ததால் இருப்பதைக் கொண்டே சமாளித்திருக்கிறார்.

அறிவு கைமாறும் விதம்

பழைய கருவி எதற்குப் பயன்பட்டது என்பதை அதன் விளிம்பே சொல்லும். சோவியத் ஆய்வாளர் செர்கேய் செமியோனொவ் 1957-இல் வெளியிட்ட நூல் இதற்கு வழி வகுத்தது. தோல் சுரண்டிய விளிம்பு ஒருவகையில் மழுங்கும். மரம் செதுக்கியது வேறுவகையில் பளபளக்கும். புல் அறுத்தது கண்ணாடிபோல் மின்னும். ஆய்வாளர்கள் தாங்களே கருவி செய்து, அதே வேலையில் தேய்த்து, நுண்ணோக்கியில் இரண்டையும் ஒப்பிடுகிறார்கள். பிரான்சின் பிரான்சுவா போர்டும் அமெரிக்காவின் டான் கிராப்ட்ரீயும் கல் செதுக்கும் கலையை ஆய்வுமுறையாகவே வளர்த்தவர்கள்.

இந்தோனேசியப் பப்புவாவின் லாங்டா மலைக்கிராமத்தில் கல் வாய்ச்சி செய்யும் மரபு அண்மைக் காலம் வரை உயிரோடு இருந்தது. அங்கே மாணவர் தேர்ச்சி பெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். மூத்தவர்கள் சுற்றி அமர்ந்து, எங்கே அடிப்பது, ஏன் அந்தச் சில்லு முறிந்தது என்று பேசிக்கொண்டே வேலை செய்வார்கள். கல் உடையும் விதியைச் சில வரிகளில் எழுதிவிடலாம். அந்த விதி கைக்கு வர ஆண்டுகள் வேண்டும். அருகில் அமர்ந்து திருத்தும் ஆசான் ஒருவரும் வேண்டும். இரும்பு ஊருக்கு ஊர் வந்தபோது பல இடங்களில் கல் கோடரிகள் விரைவிலேயே கைவிடப்பட்டன. ஆசான்கள் மறைந்ததும் அந்தக் கையறிவும் மறைந்தது. உதிர்ந்த சில்லுகளைப் பொருத்தியும், தாங்களே அடித்துப் பார்த்தும் ஆய்வாளர்கள் இன்று மீட்டெடுப்பது அந்த அறிவைத்தான்.